குழந்தைக் கல்யாணம்: எங்கேயோ யாரோ கட்டிக்கொடுத்தால் நமக்கென்ன? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தாராவியில் 90 அடி ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில் பதினோரு வருடமாக மாலை வகுப்பு நடத்துகிறேன். வார நாட்களில் பிள்ளைகளுக்குக் கணக்கும் இங்கிலீஷும். ஞாயிற்றுக்கிழமை மதியம் அவர்களுடைய அம்மாக்கள், அத்தைகள், சில நேரம் பாட்டிகள். ஒருவர் பேப்பர் வாசிப்பார். மற்றவர்கள் கீரை ஆய்ந்துகொண்டோ பூக் கட்டிக்கொண்டோ கேட்பார்கள். அப்புறம் பேச்சு.

2024 ஆகஸ்டில் ஒரு ஞாயிறு, இராக் பற்றிய செய்தி வந்தது. குடும்பச் சட்டத்தைத் திருத்தப் பார்க்கிறார்கள், ஒன்பது வயதுப் பெண்ணைக்கூடக் கட்டிக்கொடுக்க வழி திறந்துவிடும் என்று பயந்து அந்த ஊர்ப் பெண்களே தெருவில் இறங்கியிருந்தார்கள். அன்றைக்கு எங்கள் வகுப்பில் ஆரம்பித்த வாக்குவாதம் இன்னும் ஓயவில்லை. மாடிப்படியில், ரேஷன் கடை வரிசையில், லோக்கல் ரயிலில் என்று அதே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. அதனால் எழுதி வைக்கிறேன். கேள்விகள் கேட்டவர்கள் வாயில் வந்தபடியே இருக்கின்றன.

"குழந்தைக் கல்யாணம்னா தொட்டில்ல போட்டுத் தாலி கட்டுறதுதானே டீச்சர்? பதினாறு, பதினேழெல்லாம் அதுல வருமா?"

வரும். 18 வயது நிறையாதவருக்கு நடக்கிற எந்தக் கல்யாணமும் குழந்தைக் கல்யாணம் என்பதுதான் ஐ.நா. வைத்திருக்கும் கணக்கு. நம் நாட்டின் 2006ஆம் வருடச் சட்டம் பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 என்கிறது. பதிவு செய்யாமல் குலதெய்வக் கோவிலில் நாலு பேர் முன்னால் நடந்தாலும் இதே கணக்குதான்.

"வயசுக்கு வந்துட்டா" என்று நாம் சொல்வது உடம்பைப் பற்றி. பதினாறு வயதுப் பெண்ணை ஒரு வாடகைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட விடமாட்டோம். ஆனால் ஆயுசு முழுக்க ஒரு வீட்டில் இருக்கச் சம்மதம் என்று அவள் தலையாட்டியதை மட்டும் ஏற்றுக்கொள்கிறோம்.

"இன்னமுமா இதெல்லாம் நடக்குது?"

யுனிசெஃப் கணக்குப்படி இன்றைக்கு உயிரோடு இருக்கும் பெண்களில் 64 கோடிப் பேர் 18க்கு முன்னால் கல்யாணம் ஆனவர்கள். ஒவ்வொரு வருடமும் இன்னும் 1 கோடியே 20 லட்சம் பெண்கள் அந்தக் கணக்கில் சேர்கிறார்கள். நைஜரில் நாலு பெண்களில் மூன்று பேர். பங்களாதேஷில் பாதிப் பேர்.

"வெளிநாட்டுச் சமாச்சாரம்" என்று பேச ஆரம்பிப்பவர்களிடம் நான் அடுத்து சொல்வது இது: அந்த 64 கோடியில் மூன்றில் ஒரு பங்கு இந்தியாவில். தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், 20 முதல் 24 வயதுப் பெண்களில் 18க்கு முன்பே கல்யாணம் ஆனவர்கள் 2005-06இல் 47 சதவீதமாக இருந்தார்கள். 2019-21இல் 23 சதவீதம். பெரிய இறக்கம்தான். மகாராஷ்டிரத்தில் ஏறக்குறைய 22, தமிழ்நாட்டில் ஏறக்குறைய 13.

"அது அவங்க மதம், அவங்க வழக்கம். நாம எப்படிக் கேக்க முடியும்?"

எந்த மதம்? நைஜர் முஸ்லிம் நாடு. மலாவியில் பெரும்பாலோர் கிறிஸ்தவர்கள். நேபாளத்தில் பெரும்பாலோர் இந்துக்கள். மூன்றிலும் நடக்கிறது. துனிசியாவும் முஸ்லிம் நாடுதான்; அங்கே மிகக் குறைவு. மதத்தின் பெயரால் நியாயம் சொல்வார்கள், உண்மைதான். ஆனால் கல்யாணத்தை முடித்து வைப்பது பெரும்பாலும் காசும் பயமும்.

பங்களாதேஷில் பெண்ணுக்கு வயது ஏற ஏற வரதட்சணையும் ஏறும். சகாரா ஓரத்து நாடுகளில் மாப்பிள்ளை வீடு பணமோ மாடோ கொடுக்கும். மழை பொய்த்த வருடத்தில் ஒரு மகளைக் கொடுத்தால் மீதிப் பிள்ளைகளுக்குச் சோறு. ஏமனில் சண்டை வந்த பிறகு, முகாமில் பெண் பிள்ளையை வைத்துக்கொண்டு ராத்திரி தூங்க முடியாத அப்பன் எவன் கையிலாவது பிடித்துக் கொடுக்கிறான். இதையெல்லாம் நம் ஊர்க் கதை என்று சொன்னால் யாராவது மறுப்பீர்களா?

"அமெரிக்கா, லண்டன்ல எல்லாம் இது கிடையாது. அவங்க பேசலாம், நாம பேச முடியுமா?"

அமெரிக்காவில் 2018இல் டெலவேர் தடை போடும் வரை, விதிவிலக்கே இல்லாமல் 18 என்று சொன்ன மாகாணம் ஒன்றுகூட இல்லை. கலிஃபோர்னியாவில் பெற்றோரும் நீதிமன்றமும் ஒப்புக்கொண்டால் போதும், குறைந்தபட்ச வயது என்று சட்டத்தில் ஒன்றுமில்லை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 16 வயதில் பெற்றோர் சம்மதத்தோடு கட்டலாம் என்பது 2023 பிப்ரவரியில்தான் போனது.

இங்கிலாந்தில் பள்ளி விடுமுறைக்கு "தாத்தா ஊருக்குப் போறோம்" என்று சொல்லிப் பெண்களை பாகிஸ்தானுக்கோ இந்தியாவுக்கோ கூட்டிப்போய்க் கட்டிவைக்கிற வழக்கம் உண்டு. அங்குள்ள ஒரு தொண்டு நிறுவனம் அந்தப் பெண்களுக்குச் சொன்ன யோசனை: உள்ளாடைக்குள் ஒரு ஸ்பூன் வைத்துக்கொள். விமான நிலையத்தில் மெட்டல் டிடெக்டர் கத்தும். தனியாக அழைத்துப்போய்ச் சோதிப்பார்கள். அப்போது அம்மா அப்பா பக்கத்தில் இருக்க மாட்டார்கள், சொல்லிவிடு. இதை வாசித்த அன்று எங்கள் வகுப்பில் ரொம்ப நேரம் யாரும் பேசவில்லை.

"எங்க பாட்டிக்குப் பதிமூணுல கல்யாணம். ஒன்பது பிள்ளை பெத்து நல்லாத்தானே இருந்தாங்க?"

என் பாட்டிக்கும் பதிமூன்றுதான். தென்காசிப் பக்கம். கல்யாணப் புடவை அவளுக்கு இரண்டு சுற்று பெரியது. கொசுவம் அவிழ்ந்து விழுந்துகொண்டே இருந்ததாம். அத்தை ஒருத்தி இடுப்பில் நாலு ஊக்கு குத்திவிட்டாள், அதில் ஒன்று சதையில் ஏறிவிட்டது. மணவறையில் அழுதது அதற்காகத்தான், ஆனால் "பிறந்த வீட்டைப் பிரியுறாளே, பாவம்" என்று எல்லோரும் சொல்லிக்கொண்டார்கள் என்று எழுபது வயதில் என்னிடம் சொன்னாள். முதல் இரண்டு பிள்ளையும் தங்கவில்லை.

நல்லாத்தான் இருந்தாள். எங்களையெல்லாம் வளர்த்தாள். அதைச் சொல்லும்போது கூடவே அந்த இரண்டு பிள்ளைகளையும் சொல்ல வேண்டும். பிரசவத்தில் செத்துப்போன அவள் தோழிகளுக்குப் பேத்தி இல்லை, அவர்கள் கதையைச் சொல்ல. இன்றைக்கும் உலகத்தில் 15 முதல் 19 வயதுப் பெண்கள் சாவதற்கு முக்கியக் காரணங்களில் ஒன்று கர்ப்பமும் பிரசவமும். பாட்டியைக் குறை சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். பாரதியாருக்குக் கல்யாணம் நடந்தபோது அவருக்கு வயது 14, செல்லம்மாளுக்கு 7. காலம் அப்படி இருந்தது. அதை நல்ல காலம் என்று சொல்லத்தான் எனக்கு மனசு வரவில்லை.

"பெத்தவங்களுக்கு இல்லாத அக்கறை வெளியாளுக்கு எங்கிருந்து வரும்?"

பெற்றவர்களுக்கு அக்கறை இல்லை என்று நான் சொல்லவே மாட்டேன். பத்துக்குப் பத்து அறையில், பொதுக் கழிப்பறைக்கு ராத்திரி பெண்ணை அனுப்பிவிட்டு வாசலில் நிற்கிற அம்மாவை எனக்குத் தெரியும். "ஒருத்தன் கையில ஒப்படைச்சிட்டா என் பாரம் இறங்கிடும்" என்று அவள் சொன்னால் அது கொடுமைக்காரி பேச்சு இல்லை.

அதனால்தான் வெளியிலிருந்து வருகிறவர் முதலில் அந்தப் பாரத்தைப் பார்க்க வேண்டும். பங்களாதேஷின் தெற்குப் பகுதியில் ஒரு திட்டம் நடத்தினார்கள்: 15 முதல் 17 வயதுப் பெண்ணைக் கட்டிக்கொடுக்காமல் வைத்திருக்கிற வீட்டுக்கு நாலு மாதத்துக்கு ஒரு தடவை சமையல் எண்ணெய். அவ்வளவுதான். அந்த வீடுகளில் குழந்தைக் கல்யாணம் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. தமிழ்நாட்டில் 1989இல் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில், எட்டாவது படித்த ஏழைப் பெண்ணின் கல்யாணத்துக்கு 5,000 ரூபாய் என்று கொண்டுவந்தார்கள். பிறகு 2022இல் அதைப் புதுமைப்பெண் திட்டமாக மாற்றி, அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி போகிற பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய் என்று ஆக்கினார்கள். கல்யாணத்துக்கான காசு படிப்புக்கான காசாக மாறியது எனக்கு ரொம்பப் பிடித்த மாற்றம்.

"வெளியாள் தலையிட்டு எங்கேயாவது உருப்பட்டிருக்கா?"

இதே மும்பையில். ஃபோர்ட்டில் இருக்கிற ஐகோர்ட் கட்டடத்தை பஸ்ஸில் போகும்போது பார்த்திருப்பீர்கள். ருக்மாபாய் என்ற பெண்ணுக்குப் பதினோரு வயதில் கல்யாணம். புருஷன் பெயர் தாதாஜி பிகாஜி. அவள் அவன் வீட்டுக்குப் போகவே இல்லை, தாய் வீட்டில் இருந்து படித்தாள். 1884இல் அவன், பெண்டாட்டியை அனுப்பி வைக்கச் சொல்லி வழக்குப் போட்டான். 1885இல் ஒரு நீதிபதி அவள் பக்கம் தீர்ப்புச் சொன்னார். மேல்முறையீட்டுக்குப் பிறகு 1887இல் இன்னொரு நீதிபதி, புருஷன் வீட்டுக்குப் போ, இல்லாவிட்டால் ஜெயில் என்றார். ஜெயிலுக்குப் போகிறேன் என்றாள் ருக்மாபாய். 1888இல் தாதாஜிக்கு 2,000 ரூபாய் கொடுத்து அந்த வழக்கு முடிந்தது. அப்புறம் லண்டன் போய் மருத்துவம் படித்துத் திரும்பி வந்து சூரத்தில் வருடக்கணக்காகப் பெண்களுக்கு வைத்தியம் பார்த்தார்.

அந்தக் காலத்தில் குழந்தைக் கல்யாணத்துக்கு எதிராகப் பக்கம் பக்கமாக எழுதியவர் பெஹ்ராம்ஜி மலபாரி. அவர் பார்சி. "இந்துக்கள் வீட்டு விஷயத்தில் பார்சிக்காரனுக்கு என்ன வேலை?" என்று அப்போதே கேட்டார்கள். திலகர், அந்நிய அரசாங்கம் நம் வழக்கத்தில் கை வைக்கக் கூடாது என்று எதிர்த்தார். 1889இல் வங்காளத்தில் பத்துப் பதினோரு வயது ஃபுல்மோனி, முப்பது தாண்டிய புருஷனால் ரத்தப்போக்கில் செத்துப்போன பிறகுதான் 1891இல் உடலுறவுக்கான வயதைப் பத்திலிருந்து பன்னிரண்டாக ஏற்றினார்கள். 1929இல் சாரதா சட்டம் வந்து கல்யாண வயது பெண்ணுக்கு 14 ஆனது.

நான் இதில் கவனிப்பது ஒன்றைத்தான். மலபாரி வெளியாள், தாதாஜி உள்ளாள். ருக்மாபாய்க்கு இரண்டு பேரில் யார் சொந்தம்?

"வெள்ளைக்காரன் நம்மளைக் காட்டுமிராண்டின்னு சொல்ல இதைத்தானே சாக்கா வெச்சான்? இப்போ நாம அதையே ஏமன்காரனுக்குச் சொல்லணுமா?"

இந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. 1927இல் ஓர் அமெரிக்கப் பெண்மணி நம் குழந்தைத் தாய்மார்களைப் பற்றிப் புத்தகம் எழுதினார். அதிலிருந்த கொடுமைகள் பல உண்மை. ஆனால் அதை வைத்து, இந்தியர்களுக்கு ஆளத் தகுதி இல்லை என்று நிறுவப் பார்த்தார். காந்தி அதைச் சாக்கடை இன்ஸ்பெக்டரின் அறிக்கை என்றார். அதே காந்தி, தனக்குப் பதிமூன்றில் நடந்த கல்யாணத்தை வெட்கத்தோடு எழுதியவர். குழந்தைக் கல்யாணத்தை எதிர்த்தவர். அசிங்கம் இல்லை என்று அவர் சொல்லவில்லை. அதைக் காட்டி ஒரு நாட்டையே அடிமையாக வைக்காதே என்றார். ஆப்கானிஸ்தானில் 2001இல் படை போனபோது பெண்களின் விடுதலையையும் காரணமாகச் சொன்னார்கள். 2021இல் படை கிளம்பிப் போனது, ஆறாம் வகுப்புக்கு மேல் பெண்களுக்குப் பள்ளி இல்லை. பள்ளி மூடிய ஊரில் பெண்ணுக்கு அடுத்தது என்ன என்று உங்களுக்கே தெரியும்.

ஆனால் "மனித உரிமை என்பதே வெள்ளைக்காரன் சரக்கு" என்று சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டேன். 1948இன் மனித உரிமைப் பிரகடனத்தில் "எல்லா ஆண்களும்" என்பதுபோல் இருந்த வரியை "எல்லா மனிதர்களும்" என்று மாற்ற வைத்தவர் இந்தியாவின் ஹன்சா மேத்தா. முழுச் சம்மதம் இல்லாமல் கல்யாணம் இல்லை என்ற 16ஆம் பிரிவு குழந்தைக் கல்யாணத்தைத் தடுக்க உதவும் என்று அதற்காக வாதாடியவர் பாகிஸ்தானின் ஷாயிஸ்தா இக்ரமுல்லா. இரண்டு பேரும் நம் பக்கத்துப் பெண்கள்.

"நம்ம அரசாங்கமே அடுத்தவங்க வழக்கத்துல தலையிடாதுன்னுதானே சொல்லுது?"

பெண்களுக்கு எதிரான பாகுபாட்டை ஒழிக்கும் ஐ.நா. உடன்படிக்கையில் 1993இல் இந்தியா சேர்ந்தபோது, எந்தச் சமூகத்தின் தனிப்பட்ட விவகாரத்திலும் அந்தச் சமூகமே முன்வந்து கேட்காமல் தலையிட மாட்டோம் என்று எழுதிக்கொடுத்தது. கேட்கப் பெருந்தன்மையாக இருக்கும். அந்தச் "சமூகம்" யார் என்பதுதான் என் சந்தேகம். ஜமாத்தில், ஊர்க்கூட்டத்தில், சாதிச் சங்கத்தில் பதினான்கு வயதுப் பெண்ணுக்கு நாற்காலி போட்டு யாராவது கேட்டிருக்கிறார்களா?

"சரி, அப்போ யார் சொன்னா எடுபடும்?"

மலாவியின் டெட்சா மாவட்டத்தில் தெரேசா கச்சிண்டமோட்டோ என்று ஒரு பெண் தலைவர். நகரத்துக் கல்லூரியில் 27 வருடம் செயலாளராக வேலை பார்த்தவர். 2003இல் வம்சப்படி தலைமை அவரிடம் வந்தது. ஊருக்குப் போனால் பன்னிரண்டு வயதுப் பெண் இடுப்பில் குழந்தையோடு நிற்கிறாள். அவர் தனக்குக் கீழே இருந்த ஐம்பது சின்னத் தலைவர்களிடம் கையெழுத்து வாங்கினார், மீறியவர்களைப் பதவியிலிருந்து இறக்கினார், சில வருடங்களில் 850க்கும் மேற்பட்ட கல்யாணங்களை ரத்து செய்தார். பெண்களைப் பள்ளிக்குத் திருப்பி அனுப்பினார். பள்ளிக் கட்டணத்துக்கு வெளியிலிருந்தும் பணம் வந்தது. வெளியார் வேலை அந்த அளவோடு இருந்தது, நன்றாக இருந்தது.

வெளியாளே முன்னால் நின்ற கதையும் உண்டு. செனகலுக்கு 1974இல் படிக்கப்போன அமெரிக்கப் பெண் மோலி மெல்ச்சிங், அங்கேயே தங்கி, உள்ளூர் மொழி பேசி, 1991இல் டோஸ்டான் என்ற அமைப்பைத் தொடங்கினார். கிராமத்துப் பெண்களுக்கு உடல்நலம், உரிமை, எழுத்து என்று வகுப்புதான். 1997இல் மலிகுண்டா பம்பாரா கிராமத்துப் பெண்கள் தாங்களே கூடி, பெண் உறுப்புச் சிதைப்பை நிறுத்துகிறோம் என்று அறிவித்தார்கள். பிறகு பல கிராமங்கள் குழந்தைக் கல்யாணத்தையும் சேர்த்துக் கைவிட்டன. அந்த அம்மா அதற்கு முன்னால் இருபது வருடத்துக்கு மேல் அந்த மண்ணில் இருந்திருக்கிறார். ஒரு வாரம் வந்து போட்டோ எடுத்துப் போகிறவர்களை இதோடு சேர்க்காதீர்கள்.

"நம்ம தமிழ் பேசுற சனத்துல இது எங்கேயும் சட்டப்படி நடக்குதா?"

இலங்கையில். அங்கே பொதுச் சட்டப்படி 18. ஆனால் 1951ஆம் வருட முஸ்லிம் விவாகச் சட்டத்தில் குறைந்தபட்ச வயது என்று ஒன்று வைக்கவில்லை. பன்னிரண்டுக்குக் கீழ் என்றால் காதியாரிடம், அதாவது முஸ்லிம் குடும்ப வழக்கைப் பார்க்கும் நீதிபதியிடம், அனுமதி வாங்க வேண்டும், அவ்வளவுதான். இதை மாற்றக் கேட்டுப் பல வருடமாகப் போராடும் முஸ்லிம் பெண்கள் புத்தளத்திலும் கிழக்கிலும் தமிழில்தான் பேசுகிறார்கள்.

அவர்களுடைய சங்கடத்தை நாம் புரிந்துகொள்ள வேண்டும். 2019 ஈஸ்டர் குண்டுவெடிப்புக்குப் பிறகு, முஸ்லிம்களைப் பிடிக்காதவர்கள் "பார், உங்கள் சட்டம்" என்று அதே பிரச்சினையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். 2021இல் "ஒரே நாடு, ஒரே சட்டம்" என்று குழு போட்டு, முஸ்லிம்களுக்கு எதிராகப் பேசிப் பேர் வாங்கிய ஒரு பிக்குவைத் தலைவராக்கினார்கள். போராடும் பெண்ணுக்கு ஒரு பக்கம் சொந்த ஊர் ஆண்கள் "துரோகி" என்கிறார்கள். இன்னொரு பக்கம் வேண்டாத ஆதரவு வந்து தோளில் கை போடுகிறது. நம் ஊரிலும் யாராவது இன்னொரு சமூகத்துப் பெண்ணுக்காக ரொம்ப உருகினால், அந்தப் பெண்ணின் அண்ணன் தம்பிகளைப் பற்றி அதே ஆள் என்ன பேசுகிறான் என்று நான் கொஞ்சம் கேட்டுப் பார்ப்பேன்.

"இவ்வளவு பேச்சு எதுக்கு? போலீசை விட்டு எல்லாரையும் உள்ள தள்ளினா நிக்காதா?"

2023 பிப்ரவரியில் அசாமில் அப்படித்தான் செய்தார்கள். சில நாளில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கைது. பழைய கல்யாணங்களையும் சேர்த்துப் பிடித்ததால், போலீஸ் ஸ்டேஷன் வாசலில் கைக்குழந்தையோடு நின்று அழுதவர்கள் பாதிக்கப்பட்ட அதே பெண்கள்தான். இது மக்களின் சொந்த வாழ்க்கையில் நாசம் விளைவிக்கிறது என்று குவஹாத்தி உயர் நீதிமன்றம் சொன்னது. பயம் வந்துவிட்டால் பதினேழு வயதுக் கர்ப்பிணி ஆஸ்பத்திரிக்கே வர மாட்டாள். சட்டம் வேண்டும், நடக்கப்போகிற கல்யாணத்தை நிறுத்த அது ரொம்ப உதவும். நடந்து முடிந்ததற்கு மொத்தமாக வலை வீசினால் மாட்டுவது அவள்தான்.

"முன்பின் தெரியாத பொண்ணு. கண்ணெதிர்ல நடக்குது. அப்போ?"

1991இல் ஹைதராபாத்திலிருந்து டெல்லி போன விமானத்தில் ஒரு சிறுமி அழுதுகொண்டே இருந்தாள். வயது பத்து இருக்கும். பக்கத்து சீட்டில் அறுபது வயது சவுதிக்காரர். பணிப்பெண் போய் என்னம்மா என்று கேட்டார். இவர் என்னைக் கல்யாணம் பண்ணிக் கூட்டிப் போகிறார் என்று அவள் சொன்னாள். பணிப்பெண் சொல்ல, விமானம் டெல்லியில் இறங்கியதும் போலீஸ் நின்றது.

அந்த விமானத்தில் எத்தனையோ பேர் அந்த அழுகையைக் கேட்டிருப்பார்கள். அப்புறம் நடந்தது அவ்வளவு நேராகப் போகவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்: சிறுமியைக் காப்பகத்தில் வைத்தார்கள், பெற்றோர் அவளைக் கேட்டு நீதிமன்றம் போனார்கள். காப்பாற்றிய பிறகு அவள் எங்கே தூங்குவாள், யார் சோறு போடுவார்கள் என்ற கேள்வி எப்போதும் வரும். அதற்குப் பயந்து, என்னம்மா என்று கேட்காமல் இருக்க முடியாது.

"அந்தப் பொண்ணே சம்மதம்னு சொன்னா? லவ் பண்ணி ஓடிப்போனா?"

இதுதான் எனக்கு ரொம்பக் கஷ்டமான கேள்வி. பதினேழு வயதில் ஓடிப்போகிற பெண்களில் பாதிப் பேர், வீட்டில் வேறு மாப்பிள்ளை பார்த்ததால் ஓடுகிறார்கள். என் வகுப்பில் பார்த்த அளவில் சொல்கிறேன். சம்மதம் என்று அவள் சொல்வதில் எவ்வளவு விருப்பம், எவ்வளவு தப்பித்தல் என்று அவளுக்கே அப்போது தெரியாது. கல்யாணம் 18 வரை பொறுக்கட்டும் என்பேன். ஆனால் கூட ஓடிய பத்தொன்பது வயதுப் பையனையும், காசு கொடுத்துச் சிறுமியை வாங்கிய அறுபது வயதுக்காரரையும் ஒரே தட்டில் வைக்க எனக்கு ஒப்பவில்லை.

"ஏமனுக்கு நான் இங்கிருந்து என்னத்தைச் செய்ய?"

நேராக ஒன்றும் பெரிதாக இல்லை. அந்த ஊர்ப் பெண்கள் நடத்தும் பள்ளிக்கும் சட்ட உதவிக்கும் போகிற இடமாகப் பார்த்து நூறு ரூபாய் கொடுக்கலாம். ஏமனில் 2008இல் பத்து வயதுச் சிறுமி தானே நீதிமன்றத்துக்குப் போய் விவாகரத்து கேட்டாள். அவளுக்காக வாதாடியவர் ஏமன் பெண் வழக்கறிஞர். ஜிம்பாப்வேயில் வழக்குப் போட்டு 2016இல் 18 என்று தீர்ப்பு வாங்கியவர்கள், சின்ன வயதில் கட்டிக்கொடுக்கப்பட்ட இரண்டு பெண்களேதான். அந்த மாதிரி ஆட்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பின்னால் நிற்கலாம்.

"நம்ம சால் குடியிருப்புலயே லீவுக்கு ஊருக்குக் கூட்டிட்டுப் போய்க் கட்டி வைக்கிறாங்களே, அது தெரியுமா டீச்சர்?"

தெரியும். லண்டன் பெண்ணுக்கு விமானம், நம் பெண்ணுக்கு சாளுக்யா எக்ஸ்பிரஸ். சில வருடம் முன்னால் பத்தாவது எழுதி முடித்த ஒரு பெண், மே மாதம் "கோவில் கொடைக்குப் போறோம் டீச்சர்" என்று சொல்ல வந்தாள். போகும்போது தன் கணக்கு நோட்டை என்னிடம் கொடுத்து, "இது உங்ககிட்டயே இருக்கட்டும்" என்றாள். பரீட்சை முடிந்த நோட்டை எதற்குக் கொடுக்கிறாள் என்று நான் கேட்கவில்லை. அலமாரியில் வைத்தேன். ஜூலையில்தான் தெரிந்தது, தாய்மாமனுக்குக் கட்டி வைத்துவிட்டார்கள் என்று. பதினாறு வயது. நோட்டின் கடைசிப் பக்கத்தில் பென்சிலில் ஊர்ப் பெயரும் ஒரு தேதியும் எழுதியிருந்தாள். ஸ்பூன் கதையை வாசித்தபோது எனக்கு ஏன் தொண்டை அடைத்தது என்று அன்றைக்கு வகுப்பில் சொல்லவில்லை. இங்கே சொல்கிறேன்.

இப்போது செய்ய வேண்டியது இது. 1098க்குப் போன் செய்யுங்கள். உங்கள் பெயரை வெளியே சொல்ல மாட்டார்கள். பெண்ணின் வயது, ஊர், தேதி, மண்டபமா கோவிலா என்று தெரிந்ததைச் சொன்னால் போதும். மாஜிஸ்ட்ரேட் தடை உத்தரவு போடலாம். உத்தரவை மீறி நடந்த கல்யாணம் சட்டத்தின் முன் செல்லவே செல்லாது.

"கல்யாணம் முடிஞ்சே போச்சுன்னா?"

வழி இருக்கிறது. அவளுக்கு 20 வயது நிறையும் வரை, இந்தக் கல்யாணம் வேண்டாம் என்று கோர்ட்டில் ரத்து கேட்கலாம். ஜீவனாம்சம் கேட்கலாம். பிள்ளை பிறந்திருந்தால் அது முறையான பிள்ளைதான். கர்நாடகத்தில் சட்டத் திருத்தப்படி குழந்தைக் கல்யாணம் ஆரம்பத்திலிருந்தே செல்லாது. நோட்டுக் கொடுத்த பெண்ணுக்கு இதைச் சொல்லி அனுப்பினேன். அதற்குள் கையில் குழந்தை. "பாத்துக்கலாம் டீச்சர்" என்றாள்.

"போன் பண்ணது நீங்கதான்னு தெரிஞ்சா, அப்புறம் அந்த வீட்டு முகத்துல எப்படி முழிப்பீங்க?"

அடுத்த தடவை நான் போன் பண்ணினேன். வேறொரு பெண், அவள் தோழி வந்து சொன்னாள். ஊருக்குப் போக நாலு நாள் இருந்தது. அதிகாரிகள் வந்து அப்பா அம்மாவிடம் பேசி எழுதி வாங்கினார்கள். யாரும் என் பெயரைச் சொல்லவில்லை, ஆனாலும் தெரிந்துவிட்டது. சால் வாழ்க்கையில் எது தெரியாது? அவளுடைய அம்மா ஞாயிற்றுக்கிழமை வருவதை நிறுத்தினார். மார்க்கெட்டில் என்னைக் கண்டால் எதிர்ப் பக்கம் போய்விடுவார். அந்தப் பெண்ணுக்கே என் மேல் கோபம். மூன்று வாரம் வரவில்லை. அப்புறம் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். இப்போது பன்னிரண்டாவது, காமர்ஸ்.

அம்மா இன்னும் என்னோடு பேசுவதில்லை. போன தீபாவளிக்கு மட்டும் அவள் கையில் ஒரு எவர்சில்வர் டப்பாவில் முறுக்கு வந்தது. டப்பாவைக் காலியாகத் திருப்பித் தரக் கூடாதென்று கழுவித் துடைத்து, ஒரு கைப்பிடி சர்க்கரை போட்டுக் கொடுத்தனுப்பினேன்.